இடது பின்சக்கரம்

வலப்பக்க வளைவில் காருக்கு அடியிலிருந்து அந்த முனகல் மறுபடி எழுந்தது. பின்னிருக்கையின் இடது ஓரத்தில் இருந்த வினார்சி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். உள்ளங்கால் குறுகுறுத்தது. முன்னிருக்கையில், அவள் உட்கார வேண்டிய இடத்தில், பட்டு போர்த்திய சீர்த்தட்டு வீற்றிருந்தது.

"ஏங்க, சத்தம் வருது. மூணு வாரமா சொல்றேன்."

"அது ரோட்டுச் சத்தம்."

அவள் கணவர் சுதர்மாஜி வட்டாரத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிறது. இன்றும் பதவிப் பெயரால் 'பாக் சாமாத்' என்று கூப்பிடாதவர்கள் பேசினால் அவருக்குக் காது கேட்காது. தம்பி மகனுக்குப் பெண் கேட்க மலையிறங்கிப் போகிறார்கள். பின்னால் ஐந்து வண்டிகள். முதல் வண்டி வழியில் நின்றால் சகுனம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. ஓட்டிக்கொண்டே தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். நன்றிப் பட்டியலில் மட்டும் ஆளுநர் தொடங்கி இருபத்து மூன்று பேர். அதில் ஒருவர் காலமாகி நாளாகிவிட்டது.

இன்னும் நாலு கிலோமீட்டரில் பாச்செட் இறக்கம். பிரேக் புகைந்து வண்டிகள் பள்ளத்தில் உருளும் இடம். இடது வளைவில் முனகல் அடங்கியது. அடுத்த வலது வளைவில் ஓங்கியது.

"எனக்கு அவசரமா ஒதுங்கணும்" என்றாள் வினார்சி.

அந்த அவசரத்துக்குச் சகுனமே வழிவிட்டது; வண்டியை ஓரங்கட்டினார். அவள் காட்டிய இடம் ஒரு பட்டறை. இறங்கியவள் கழிப்பறைப் பக்கம் திரும்பவே இல்லை. "இடது பின்சக்கரம், தம்பி" என்றாள்.

மெக்கானிக் ங்காத்மின் சக்கரத்தின் நடுவில் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தான். சுட்டுவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். கடகடவென்றது. முன்னிருக்கையில் இருந்த சீர்த்தட்டை எட்டிப் பார்த்தான்.

"பேரிங் செத்துப்போச்சு, பாக் சாமாத். இறக்கத்துல கழண்டிருந்தா, உங்களுக்கு முன்னாடியே சக்கரம் பொண்ணு வீட்டுக்குப் போய்ப் பேச்சை ஆரம்பிச்சிருக்கும்."

ஆடும் சக்கரத்தையே சுதர்மாஜி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நேர் மேலேதான் அவளுடைய இருக்கை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றான் ங்காத்மின்.

"முப்பத்தெட்டு வருஷமா ஒரே குரலைக் கேக்கறேன். எங்க ஏறும், எங்க இறங்கும்னு பழகிப்போச்சு."

காரைப் பட்டறையில் விட்டுவிட்டு, சீர்த்தட்டோடு கடைசியாக வந்த வேனில் ஏறினார்கள். ஜன்னலோரத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வாஜிக் பலகாரத் தட்டை மடியில் வாங்கிக்கொண்டார். அந்த வண்டியில் யாரும் அவரைப் பாக் சாமாத் என்று கூப்பிடவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

முதல் வலது வளைவு வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார்.

"இது எப்படி?"

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "நல்லா இருக்கு."

அவர் பேச்சுத்தாளைப் பிரித்து, நன்றிப் பட்டியலுக்கு மேலே ஒரு பெயரை எழுதத் தொடங்கினார். வேன் குலுங்கியதில் 'வி' என்ற முதல் எழுத்தே கோணியது. பலகாரத்தின் எண்ணெய் தாளில் ஊற, ஆளுநரின் பெயர் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது.