முன்னால் பிடிக்கிற ஆள்

அன்று காலை முதலாளியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து என் மச்சானோடு சேர்ந்து நான் கண்ணாடி தூக்க மாட்டேன். பின்னால் பிடிக்க வேறு ஆள் வேண்டும்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற ஜோடி எதுலயும் இடம் இல்ல. அவன வீட்டுக்குத்தான் அனுப்பணும். வீட்டுல பேசிட்டுத்தான் சொல்றீங்களா?"

பேசவில்லை. அவன் என் மனைவியின் ஒரே தம்பி. பேசியிருந்தால் வீட்டில் இருந்திருக்க முடியாது. "இன்னிக்கு வேலை முடியட்டும், நானே அவன்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஆளுயரக் கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்து இரண்டு பேர் நடந்தால், இரண்டு பேருக்கும் ஒரே நடை இருக்க வேண்டும். ஒருவன் ஓரடி பிசகினால் அது கண்ணாடி வழியாக அடுத்தவன் கைக்கு வந்துவிடும். யார் பிசகினான் என்பது மட்டும் தெரியாது. பதினொரு வருடமாக நாங்கள் ஒரு துண்டுகூட உடைத்ததில்லை. இப்போது மூன்று மாதமாகக் கண்ணாடி கைக்குள் உதறுகிறது. முன்னால் போகிற எனக்கு அவன் தெரிய மாட்டான். ஆனால் ஒருநாள் எதிர்க்கடை ஜன்னலில் அவன் நிழலைக் கையும் களவுமாகப் பிடித்தேன். வலது காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தான். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மாமா" என்றான்.

அந்த இழுப்புக்கு ஈடுகொடுத்துத்தான் என் இடுப்பு போனது. பிறகு தோள், அதற்கப்புறம் கழுத்து. வீட்டில் தைலம் வாங்கி மாளவில்லை. அவனோ என்னிடமே வந்து, "மாமா, நீங்க இடது பக்கமா சாயுறீங்க" என்று இரண்டு தடவை சொன்னான். "என்னச் சாய்க்கிறதே நீதான்டா" என்று வாயை அடைத்தேன்.

அன்றைய வேலை ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். லிஃப்டுக்குள் கண்ணாடி நுழையாது என்பதால் படியில்தான் ஏற்ற வேண்டும். முதல் மாடி வரை பரவாயில்லை. இரண்டாவது திருப்பத்தில் கண்ணாடி ஒரு தரம் உதறியது, அடுத்த படியில் இன்னொரு தரம். மேல் முனை சுவரை உரசிக் கிறீச்சிட்டது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஏறும்போது உடைந்தால் மேலே நிற்கிற எனக்கு ஒன்றும் ஆகாது. மொத்தமும் கீழ்ப்படியில் நிற்கிற அவன் மேல்தான் இறங்கும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். காலையில் அவன் வயிற்றில் அடித்துவிட்டு வந்த நான், அவன் கழுத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஏறினேன்.

"கால ஒழுங்கா வைடா."

"வைக்கிறேன் மாமா. நீங்க மெதுவாப் போங்க."

ஒருவழியாக மேலே போய்க் கண்ணாடியைச் சுவரில் சாய்த்தோம். இன்றைக்கு இவனை ஒரு பிடி பிடித்துவிட வேண்டியதுதான் என்று திரும்பினேன். தரை முழுக்கச் சுவர்ப்பூச்சின் வெள்ளைத் தூசி. அதில் நாங்கள் நடந்துவந்த தடம் அப்படியே இருந்தது. வலது காலடிகள் பக்கத்தில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ பட்டிருந்தது. குனிந்து தொட்டேன், ரத்தம்.

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. "கால்ல அடிபட்டா சொல்ல மாட்டியா? எருமை. ஷூவக் கழட்டு."

கழற்றினான். காலில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் என் காலையே பார்த்தான். பிறகு காலி பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "உக்காருங்க மாமா" என்றான்.

என் வலது ஷூவைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு திருகாணி ஏறியிருந்தது. கொண்டை தேய்ந்து தேய்ந்து பளபளத்தது. நேற்று ஏறியதில்லை அது. முனை உள்பக்கம் விரற்கடை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. காலுறை காலோடு ஒட்டிக்கிடந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து மெல்ல உரித்தான். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி, சுற்றிலும் வெளுத்துப்போன தோல். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மறுபடி பார்த்தான்.

"வலிக்கலையா மாமா?"

வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வலித்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். கொசு கடித்தாலே கத்துகிறவன் நான். போன மாதம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தேன். இன்னொன்று வாசலிலேயே கழன்று கிடந்ததாம். மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். சர்க்கரைக்கு மாத்திரை எழுதிய டாக்டர், தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். 'கண்ணாடிக்காரன் கண்ணாடியில் கால் அழகு பார்க்கவா' என்று அதையும் கேலி செய்தேன்.

"அப்ப நீ ஏன்டா கால இழுத்த?"

"நீங்க இழுத்தீங்க, நானும் இழுத்தேன். பின்னால நிக்கிறவனுக்கு முன்னால போறவர் நடை தெரியுமில்ல. சொன்னா எரிஞ்சு விழுறீங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி இழுத்தா கண்ணாடி கொஞ்சமாத்தான் ஆடும்."

மூன்று மாதம். நல்ல காலை வைத்துக்கொண்டு என் நொண்டி நடையை நடந்திருக்கிறான்.

"கண்ண மூடுங்க மாமா" என்றான். "நான் விரலத் தொடுறப்ப சொல்லுங்க."

மூடினேன். காத்திருந்தேன். கீழே யாரோ சுவரில் துளை போடுகிற சத்தம் கேட்டது. இவன் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறானோ என்று எரிச்சல்கூட வந்தது.

"எப்பத்தான் தொடப்போற?"

கண்ணைத் திறந்தேன். என் கட்டைவிரலை அவன் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தான். நகம் வெளுத்திருந்தது.

"அப்பலருந்து பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டேன்.

"என்ன, அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். சத்தம் வெளியே கேட்டிருக்கும். மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"பின்னால அவனே இருக்கட்டும் முதலாளி" என்றேன். "முன்னால பிடிக்கத்தான் வேற ஆள் வேணும்."