சும்மா நிற்கும் கிணறு

1

இந்தக் கதை அக்காவுடையது. நான் கேட்டு வாங்கவில்லை, சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டேன். அக்கா நீரேற்று மின்திட்டத்தில் பொறியாளர். மின்சாரம் மிஞ்சும்போது கீழ்க்குளத்துத் தண்ணீரை மேல்குளத்துக்கு ஏற்றி வைப்பார்கள், தட்டுப்பாடு வந்தால் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். முந்நூறு வார்த்தைக்குள் முடிக்கச் சொல்லி பத்திரிகை ஆசிரியர் உத்தரவு போட்டிருப்பதால் இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

2

முதல் தொடக்கம்: "மலை உச்சியில் மேகங்கள்..." (வேண்டாம். மேகத்துக்கும் செலவுக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: "செலவைக் குறை என்றார்கள்." பரவாயில்லை. அக்கா குறைக்கவும் செய்தாள். கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தையே கீழ்க்குளமாக்கினாள், தோண்டும் செலவு மிச்சம். கைதட்டினார்கள். அப்புறம், இன்னும் குறை என்றார்கள்.

3

சொன்னவர் நிதி மேலாளர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கத்தரிக்கோல். [வில்லனாக்கப் பார்த்தேன். நல்ல மனிதர், எல்லோர் பிள்ளைகளின் பெயரையும் நினைவு வைத்திருக்கிறார். கடுப்பாக இருந்தது.] வரைபடத்தில், மேல்குளத்திலிருந்து இறங்கும் சுரங்கக் குழாய்க்கு மேலே நின்ற கிணற்றின்மீது விரலை வைத்தார்.

"இது என்னம்மா வேலை செய்யுது?"

"பெரும்பாலும் சும்மா நிக்கும் சார்."

"அப்போ எடுத்துடலாமே?"

"வேகமா வர்ற தண்ணிய டக்குனு நிறுத்தினா அது எங்கயாவது ஏறி நிக்கணும் சார். அதுக்குத்தான் கிணறு. இல்லேன்னா குழாய் வெடிச்சிடும். கீழ ஆளுங்க வேலை செய்வாங்க."

"மெதுவா நிறுத்தச் சொல்லுங்க."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பதில்

(வாக்கியம் நின்றுவிட்டது. அவளும் அங்கேதான் நிறுத்தினாளாம். எதிர்த்துப் பேசினால் இத்தனை வருஷம் உழைத்த திட்டத்தையே மூட்டை கட்டிவிடுவார்கள்.)

4



5

"நாலுல ஒண்ணுமே இல்லையே, எடுத்துடலாமா?" என்று ஆசிரியர் போனில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

கிணறு இல்லாத வரைபடத்தில் அக்கா நாளைக் காலை கையெழுத்துப் போட வேண்டும்.

முடிவு அ: போடுகிறாள். குழாய் ஒருநாளும் வெடிப்பதில்லை, அவள் தூக்கம்தான் போகிறது.

முடிவு ஆ: மறுக்கிறாள். வேறொருவர் போடுகிறார்.

முடிவு இ: கத்தரிக்கோல் மனம் மாறுகிறார். (இதை நானே நம்பவில்லை.)

மூன்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கென்னடா, மூணு முடிவு எழுதுவ. எனக்கு ஒரு கையெழுத்துதான்."

"என்னதான்க்கா பண்ணப்போற?"

குழாயை டக்கென்று மூடினாள். சுவருக்குள் எங்கோ 'டம்'மென்று அதிர்ந்தது. இருவரும் சுவரையே பார்த்தோம். எனக்குப் பயமாக இருந்தது.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். எந்தப் பகுதியை வேண்டுமானாலும் வெட்டுங்கள், நாலை மட்டும் தொடாதீர்கள் என்றேன். அக்கா அன்றைக்கு விழுங்கிய பதில் ஏறி நிற்க இந்தக் கதையில் வேறு இடமில்லை. முடிவை நீங்கள் அங்கே எழுதிக்கொள்ளலாம். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அது சும்மா நிற்கட்டும்.