பன்னிரண்டாம் திகதிக் கடிதம்

கசெற் மேசையில் இருந்தது. ஐந்து மணிக்கு கார் து நோர் ரயில் நிலையத்தில் அதைக் கிறிஸ்தோப்பரிடம் கொடுக்க வேண்டும். அவன் இன்று ஊருக்குப் போகிறான்.

குணரத்தினம் காலையில்தான் அதில் பேசியிருந்தார். மனைவி ஜெகதீஸ்வரி போன கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். நேவிக்காரன் கடலிலிருந்து ஊருக்கு ஷெல் அடிக்கிறான், இந்தியாவுக்குத் தோணி ஓடுகிறது, பிள்ளைகளோடு ஏறுவதா, அவர் பிரான்சுக்குக் கூப்பிடும்வரை நிற்பதா? கசெற்றில் அவளை நிற்கச் சொல்லியிருந்தார். இரண்டு மாதத்தில் எல்லாம் சரிவரும் என்றும் சொல்லியிருந்தார். அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் மெத்தைக்குக் கீழே கிடந்தது.

அறையில் கூட இருக்கும் லோறன்ஸ் கட்டிலில் படுத்தபடி ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகையைப் புரட்டினான். முன்பு சரக்குக் கப்பலில் வேலை செய்தவன். கப்பல் படம் கண்டால் விடமாட்டான்.

"அண்ணை, மிஸூரி எண்ட கிழவியை அமெரிக்கன் திரும்பக் கடலிலை இறக்கியிருக்கிறான். ஜப்பான்காரன் சரணடைஞ்சு கையெழுத்து வைச்ச கப்பல்."

"சண்டைக்கோ?"

"கப்பலோட கப்பல் மோதிற சண்டை இப்ப எங்கை? அந்த வேலையைப் பிளேன் எடுத்திட்டுது. இனி இதுக்குத் தூர நிண்டு கரைக்கு அடிக்கிறதுதான் வேலை."

குணரத்தினம் கசெற்றைப் பார்த்தார்.

"மலாயாக் கடலிலையே இதுகளின்ரை காலம் முடிஞ்சுதாம். வெள்ளைக்காரன்ரை பெரிய கப்பல் ரெண்டு. ஜப்பான் பிளேன் வந்து ரெண்டையும் கடலுக்கடியிலை தாட்டுப்போட்டுது. நாப்பத்தொண்டு டிசம்பர் பத்து."

"பத்தில்லை."

"என்ன பத்தில்லை?"

"பன்னிரண்டாம் திகதி அந்த ரெண்டும் சிங்கப்பூரிலை நிண்டது. அப்பு எழுதியிருக்கிறார்."

"கொப்பர் என்ன அட்மிரலோ?"

"கடற்படைத் தளத்திலை கிளாக்கர்."

கடிதம் பாஸ்போட் உறைக்குள் இருந்தது. பிள்ளைப்பேறுக்கு ஊருக்கு வந்திருந்த அம்மாவுக்கு, குணரத்தினத்தின் தகப்பன் அப்பு எழுதிய கடைசிக் கடிதம். 'பெரிய கப்பல்கள் இரண்டும் இங்கே நிற்கின்றன. பயப்பட ஒன்றுமில்லை. தை பிறந்ததும் வருவேன்.' அம்மா அதை நம்பி நாலு வருடம் காத்திருந்தாள். ஜப்பான்காரன் கொண்டுபோன சயாம் ரயில்பாதை வேலையில் செத்துப்போனார் என்று பிறகுதான் தெரிந்தது. இரும்புக் கப்பலை நம்பின மடையன் என்று சாகும்வரை திட்டினாள். குணரத்தினமும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

லோறன்ஸ் எழுந்து உட்கார்ந்து கடிதத்தின் திகதியை வாசித்தான். சஞ்சிகையைப் பார்த்தான். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தான்.

"தப்பின ஆக்களைப் பத்தாம் திகதியே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து இறக்கினவங்களாம்," என்றான் மெதுவாக. "எழுதேக்கை கப்பல் ரெண்டும் இல்லையெண்டு கொப்பருக்குத் தெரிஞ்சிருக்கும், அண்ணை."

குணரத்தினம் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாற்பத்தைந்து வருடமாகக் குடும்பத்தில் இருந்த கடிதம். கையெழுத்து ஓரிடத்திலும் நடுங்கவில்லை.

காலையில் கசெற்றில் பேசியபோது குணரத்தினத்தின் குரலும் நடுங்கவில்லை.

"அப்ப அவர் மடையனில்லை," என்றார். லோறன்ஸ் தண்ணீர் கொடுத்தான். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

நாலு இருபதுக்கு எழுந்து கசெற்றை றெக்கோடரில் போட்டுத் தொடக்கத்துக்குச் சுற்றினார். பதிவுக்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இஞ்சேரும். எனக்கு றிஜெக்ட் பண்ணிப்போட்டாங்கள். எனக்காக நிக்காதையும். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு தோணி ஏறும்."

அவ்வளவுதான். நிறுத்தக் கை நீட்டினார்.

"நிப்பாட்டாதையுங்கோ," என்றான் லோறன்ஸ். "காலமை பேசினது மிச்சம் கிடக்கு."

காலையில் பத்து நிமிடம் பேசியிருந்தார். அது அழியும்வரை நாடா ஓடியது.