ஆறாத சவரிநாதன்

சவரிநாதன் இறந்து ஏழு வருடமாகியும் அவருடைய உடம்பு ஆறவில்லை, கெடவும் இல்லை. கைலாசபுரத்தை ஒட்டிய பெரிய தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர். அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் பற்றவைத்தே தலை நரைத்தது. நிலக்கரி ஆர்டர் குறைந்து எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, புதிய அணு உலைகளுக்கு நீராவிக் கலன் செய்யும் வேலை வந்தது. "இனிமே நம்ம கை பட்ட எடத்துல புகையே வராது" என்று மனைவி லூர்துராணியிடம் சொல்லிச் சிரித்தார். முதல் கலன் ட்ரெய்லரில் ஏறிப் போன அன்று பிற்பகல், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தவர் எழுந்திருக்கவில்லை.

கூட வேலை பார்த்தவர்கள் செய்த காரியம் வெல்டர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. தடித்த இரும்பைப் பற்றவைத்தால் சட்டென்று ஆறவிடக் கூடாது, வெடிப்பு விடும். சூடு தாங்கும் கம்பளியைச் சுற்றி மெல்லத்தான் ஆறவிட வேண்டும். பிணம் கொதிப்பதைக் கண்டதும் ஜெயக்குமார் ஓடிப்போய் அந்தக் கம்பளியைக் கொண்டுவந்து நண்பரைச் சுற்றினார். "அவசரப்படாதீங்கக்கா, ரெண்டு நாள்ல தானா ஆறிடும்" என்றார். பிரித்தபோது சூடு கூடியிருந்தது, அதற்குப் பிறகு குறையவே இல்லை. டாக்டர்கள் கருவி வைத்துப் பார்த்து, கதிர்வீச்சு ஒன்றும் கிடையாது, வெறும் சூடுதான், ஆள் இறந்ததும் உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

லூர்துராணி கேட்டது ஒரு குழி. அவரைப் புதைத்து, தனக்கும் பக்கத்திலேயே இடம் வேண்டும், அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துக் குழிகளில் இருந்தவர்களின் பிள்ளைகள் திரண்டு வந்து, "எங்கப்பா பக்கத்துல மட்டும் வேணாங்க" என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் சூடாகும், மர வேர் கருகும் என்றார்கள். பங்குச்சாமியார் கையை விரித்தார். தொட்டியத்தில் அண்ணன் வீட்டு வாழைத்தோப்பில் ஒரு மூலை கேட்டுப் போனாள். மோர் கொடுத்து உபசரித்து, பேச்சை மாற்றி, பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் சூட்டை மட்டும் ஒருவரும் வேண்டாமென்று சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் தெருவே இட்லி மாவைப் புளிக்கவைக்க, துவாக்குடி வீட்டில் அவரைக் கிடத்தியிருந்த அறைக்குத் தூக்கி வந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகளின் யூனிபார்ம் அவர் கட்டிலைச் சுற்றித்தான் காய்ந்தது. புகையில்லை, சாம்பலில்லை, கரண்ட் பில் இல்லை என்று வாயார மெச்சினார்கள். இந்த ஜனங்களை என்னவென்று சொல்வது?

மகள் பிரான்சி அதே தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்து, அதே கலன்களுக்கு வரைபடம் போட்டாள். தாய்க்கும் மகளுக்கும் சோற்றுத் தட்டின் முன்னால்தான் சண்டை வரும்.

"கரிய விட்டுட்டு, ராத்திரி பகலா ஓடுற கரண்டுக்கு வேற வழி சொல்லும்மா."

"ஒங்க வழி நல்ல வழியாவே இருக்கட்டும்டி. ஒலையில எரிஞ்சு ஆறாமக் கெடக்குற மிச்சத்த யாரு வாங்கிக்குவா? ஒங்கப்பாவுக்கே எடம் கெடைக்கல, பாக்குறதான?"

"கெடைக்கும்மா" என்றாள் பிரான்சி. சொன்ன அவளுக்கே நம்பிக்கை இல்லை.

போன வருடம் மழைக்காலத்தில் லூர்துராணி இறந்தாள். மதியத்துக்குள் உடம்பு ஜில்லிட்டுவிட்டது. அவளைப் புதைக்க யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பாவம், தனியாகத்தான் போய்ப் படுத்தாள்.

இந்தத் தையில் பிரான்சிக்கும் டோமினிக்குக்கும் கல்யாணம். அப்பாவும் கூட வருவார், தங்களுக்குப் பிறகு பிள்ளைகளும், அவர்களுக்குப் பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பெண் பார்க்க வந்த அன்றே பிரான்சி சொல்லிவிட்டாள். டோமினிக்கின் அம்மா கொஞ்சம் யோசித்தார். "மாடி வேணாம்மா, கீழ் ரூமுதான் காத்தோட்டமா இருக்கும்" என்றார். கல்யாணம் முடிந்து சீர் வண்டி புறப்பட்டபோது கட்டில், மெத்தை, பீரோ, பாத்திரங்களோடு சவரிநாதனையும் ஏற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பீரோவை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அவருக்கு இரண்டு பேர் போதுமாக இருந்தது.