ஆற்றிலிருந்து எடுத்தவள்

கனகா அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் சிரிப்பு வெடித்தது. பிள்ளைகள் சிரிப்பதில் அவளுக்கு ஒன்றுமில்லை. அவளிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள்தான். ஆனால் அதற்குள் கனிஷ்காவின் சிரிப்பும் இருந்தது. மூக்கால் தொடங்கி, கடைசியில் விக்கல் மாதிரி முடிகிற சிரிப்பு. அதை வரவழைக்க என்ன பேச வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் கனகா இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று வைத்திருந்தாள். கயல்விழி ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு அது தானாக வருகிறது.

"அப்பங்காரன் கல்யாணத்துல பெரிய பொண்ணுக்கு முக்காடு போட்டு உக்கார வச்சிட்டான். விடிஞ்சி பாத்தா, ஆசப்பட்ட தங்கச்சி இல்ல, அக்கா," என்று கயல்விழி சொல்லிக்கொண்டிருந்தாள். "தங்கச்சி ரொம்ப அழகாம். அக்காவுக்கு கண்ணு கொஞ்சம் மங்கலாம். அவ எப்பிடி இருப்பான்னு அவ்ளோதான் எழுதியிருக்குது."

"கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

கேட்டவள் ஏழாவது படிக்கிற கனிமொழி. அதற்கு மறுபடி ஒரு சிரிப்பு. பிறகு அது சட்டென்று அடங்கியதிலிருந்து, எல்லோரும் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கனகாவுக்குத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். வெங்காயம்தான் எரிகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

கயல்விழி அவள் தங்கை. புருஷன் சேத்தியாத்தோப்பு ரோட்டில் அடிபட்டுச் செத்த மறுவருஷம், ஆறு வயதுப் பிள்ளை கனிஷ்காவை அக்காளிடம் விட்டுவிட்டு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேலுக்குப் போனாள். கனகாவுக்கும் தர்மராஜுக்கும் பிள்ளை இல்லை. தர்மராஜ் செராமிக் பேட்டையில் ஒரு ஷெட்டில் சூளை பார்க்கிறவர். விருத்தாசலத்தில் மழைக்காலம் எப்போது வருகிறது என்பதை மேகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார், அகல்விளக்கு ஆர்டர் வருவதை வைத்துச் சொல்வார். அந்த வீட்டில் கனிஷ்கா பல் விழுந்து முளைத்தாள், அம்மை போட்டுத் தேறினாள், பெரியவளானாள். அம்மா என்பது செல்போனில் பேசுகிற ஒரு முகம். கனகா பெரிம்மா. கூப்பிடுகிற பேரில் என்ன இருக்கிறது என்று கனகா இருந்துவிட்டாள். ஜுரம் வந்தால் பிள்ளை எந்தப் பக்கம் புரண்டு படுக்கிறது என்பதுதானே கணக்கு.

கயல்விழி வேலை பார்த்தது ஒரு வாத்தியார் வீட்டில், அவருடைய தாயாருக்கு. அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் வாத்தியாரும், அவர் பிள்ளைகளும், அவரிடம் படிக்கிற நாலைந்து பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தோராவில் அந்த வாரத்துப் பகுதியைப் படிப்பார்களாம். யூதர்களுடைய வேதம் அது. வருஷம் முழுவதற்குமாக அதை வாரம் வாரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வாரம் எல்லோருக்கும் அதே பகுதிதான். கிழவிக்குச் சூப்பு ஊட்டிக்கொண்டே கயல்விழி கேட்டுக்கொண்டிருப்பாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு வாத்தியார் மகள் இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அந்தப் பாஷையே பிடிபட்டுவிட்டது. ஒருநாள் வாத்தியார், "நீயும் ஒரு கேள்வி கேள்" என்றாராம். கிழவி போன பிறகு கயல்விழி ஊருக்கு வந்தாள். ஒரு பக்கம் அவர்கள் எழுத்தும் மறுபக்கம் இங்கிலீஷுமாக இருக்கிற தடித்த புத்தகம் ஒன்றை வாத்தியார் வீட்டில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வந்த மூன்றாவது சனிக்கிழமை அவளும் கனிஷ்காவும் அதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டியூஷன் முடிந்து கிளம்பிய பிள்ளைகள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமை டியூஷன் இல்லாத பிள்ளைகள்கூட வந்து உட்கார்ந்தன.

தர்மராஜும் உட்கார்ந்தார். அதுதான் கனகாவுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு வருஷமாக அவள் அதே கூடத்தில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறாள். அவர் ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அது எப்படிம்மா கயலு, ஒரு அப்பன் ஒரு புள்ளைக்கு மட்டும் நல்ல சட்ட தச்சிக் குடுப்பான்? மத்தவனுங்களுக்கு வயிறு எரியாதா?" என்று கேட்கிறார். அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. அண்ணன்கள் தம்பியைக் குழியில் தள்ளியது சரியா, தப்பு அப்பன் மேலா பிள்ளைகள் மேலா என்று பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில்கூடச் சண்டை போட்டார்கள். கனகா ஸ்கேலால் தரையில் தட்டினாள். சூத்திரத்தை எழுதச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எழுதுகிற பிள்ளைகள், "ஏன் டீச்சர் அப்பிடி வருது?" என்று கேட்கத் தொடங்கியிருந்தன. நல்ல கேள்விகள்தான். அது தெரிந்ததும் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கனிஷ்கா தலைமுடியை இப்போது கயல்விழியிடம்தான் காட்டினாள். வெள்ளிக்கிழமைகளில் அம்மாவும் மகளும் "ஷபாத் ஷாலோம்" என்று யூதர்களுடைய ஓய்வுநாள் வாழ்த்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கண் சிமிட்டினார்கள். அடித்துப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் தெருவில் நின்று கத்தலாம். கயல்விழி அப்படி ஒன்றும் செய்யவில்லை. "அக்கா, நீ உக்காரு, நான் பாக்குறேன்" என்று பாத்திரம் தேய்த்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் திரி எரிவது மாதிரி சத்தமில்லாமல் எரிந்தது கனகாவுக்கு.

கார்த்திகை முடிந்த பிறகு ஒரு மத்தியானம் தங்கதுரை வந்தான். கனிமொழியின் அப்பா, பேட்டையிலிருந்து கப்பும் சாசரும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு டிரைவர். வாசலிலேயே நின்றுகொண்டான்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. புள்ள வூட்ல வந்து என்னென்னமோ பேரா சொல்லுது. எங்க தெருவுல ஒரு மாதிரியா பேசுறாங்க. உங்க தங்கச்சி மதம் கிதம் மாத்துறாங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கயல்விழி காலையில்தான் குளித்துவிட்டுப் பழமலைநாதர் கோயிலுக்குப் போயிருந்தாள். விபூதி மடித்த காகிதம் ஜன்னல் விளிம்பில் இருந்தது. கனகா அதைப் பார்த்தாள். பிறகு தங்கதுரையைப் பார்த்தாள்.

"எனக்கென்னா தெரியும்? சனிக்கிழம நடக்கறது அவ பாடு. நான் அதுல கலந்துக்கறதில்ல. நீங்க அவளையே கேட்டுக்கிங்க," என்றாள்.

தங்கதுரை தலையை ஆட்டிக்கொண்டு போனான். கயல்விழியைக் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பாயில் பாதி இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. கனகா அடுக்களையில் நின்று அதைக் கேட்டாள். சத்தம் இல்லாததைத்தான் கேட்டாள். இரண்டு நாள் மனசு லேசாக இருந்தது. மூன்றாம் நாள் கணக்கு வகுப்புக்கும் நாலைந்து பேர் வரவில்லை. வீட்டைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், ஆளை அல்ல.

தங்கதுரை சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவன் சொன்னதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். கயல்விழி ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"நீ அப்பிடி சொன்னியாமே அக்கா."

கனகா ஒரு துண்டை இழுத்துத் தானும் மடிக்கத் தொடங்கினாள்.

"சரி வுடு. பாண்டிச்சேரியில வயசானவங்க இல்லத்துல வேலைக்குக் கூப்புடறாங்க. தங்கறதுக்கு எடமும் இருக்குது. இவளுக்குப் பரிச்ச முடிஞ்சதும் அழைச்சிட்டுப் போலாம்னு பாக்குறேன்."

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்கணும்," என்றாள் கயல்விழி. மடித்த பாவாடையை உதறி மறுபடி மடித்தாள்.

அன்று முழுவதும் கனகா அந்த "கேக்கணும்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கேட்டால் கனிஷ்கா என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. ஒன்பது வருஷம் வளர்த்த பிள்ளை என்ன சொல்லும் என்று தெரியாமல் போனதுதான் அவளை உலுக்கியது. மறுநாள் சாயங்காலம் பேட்டைக்குப் போனாள். தங்கதுரை வைக்கோல் அடைத்த பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சுற்றிலும் வெள்ளைத் தூசி.

"மதமும் இல்ல ஒண்ணும் இல்ல தங்கதுரை. அது கத. அவ கத சொல்றா, புள்ளைங்க கேள்வி கேக்குது. அன்னைக்கு நான் நேரா சொல்லியிருக்கணும்."

"நீங்கதான டீச்சர் தெரியாதுன்னீங்க?"

"தெரியும்," என்றாள் கனகா. "தெரிஞ்சிதான் சொல்லல. இந்த சனிக்கிழம கனிமொழிய அனுப்புங்க. நானும் கூட உக்காந்திருக்கேன்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "பாப்போம்," என்றுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினான்.

மார்கழிக் கடைசியில் வந்த அந்தச் சனிக்கிழமை கனிமொழி வந்தாள், கூடவே இன்னும் இரண்டு பேர். கனகா முதல்முறையாகப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தர்மராஜ் நகர்ந்து இடம் விட்டார். கயல்விழி புத்தகத்தைத் திறந்தாள். அது வலமிருந்து இடமாகப் படிக்கிற, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற புத்தகம் என்பதை அப்போதுதான் கனகா கவனித்தாள்.

எகிப்து ராஜா, அடிமைகளாக இருந்த யூதர்களுக்குப் பிறக்கிற ஆண் பிள்ளைகளையெல்லாம் ஆற்றில் போடச் சொன்ன கதை அது. ஒருத்தி தன் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்துப் பார்க்கிறாள். அதற்கு மேல் முடியவில்லை. கோரைக்கூடைக்குத் தார் பூசி, அதில் பிள்ளையைக் கிடத்தி, ஆற்றோர நாணலில் விடுகிறாள். குளிக்க வந்த ராஜாவின் மகள் அதைப் பார்த்து எடுக்கிறாள். தூரத்தில் நின்ற பிள்ளையின் அக்காள் ஓடிவந்து, பால் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு, பெற்றவளையே கூட்டி வருகிறாள்.

"தன் புள்ளைக்கே கூலிக்குப் பால் குடுத்தா," என்றாள் கயல்விழி. "பால் மறந்ததும் கொண்டுபோய் ராஜா மவகிட்ட குடுத்துட்டா. அவதான் மோஷேன்னு பேரு வச்சா. தண்ணியில இருந்து எடுத்தேன்னு அர்த்தம்."

"அப்ப பெத்தவங்க வச்ச பேரு என்னா?" கனிஷ்கா கேட்டாள். "மூணு மாசம் வச்சிருந்தாங்கல்ல. என்னான்னு கூப்புட்டாங்க?"

"அது இதுல எழுதல."

"ஏன் எழுதல?"

"தெரியல. வளந்து தன் சனத்தோட போயிட்டப்பறமும் கடைசி வரைக்கும் மோஷேதான். கடவுளே அந்தப் பேர் சொல்லித்தான் கூப்புடறாரு." கயல்விழி புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வது போல் இல்லாமல் பேசினாள். "அந்த வூட்ல இதப் படிச்சப்ப, முழுசா புரிஞ்ச வருஷம், நான் பாதியில எழுந்து போயிட்டேன். பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு உக்காந்துட்டேன். வாத்தியார் சம்சாரம் வந்து தட்டுறாங்க, தொறக்கல. அந்த ராஜா மவ மேல அப்பிடி ஒரு ஆத்திரம். அந்த வாரந்தான் அக்கா, இவ சைக்கிள் ஓட்டுற வீடியோ அனுப்பியிருந்த. அதுல உன் மொகம் தெரியாது. சீட்ட புடிச்சிருக்கற கை மட்டும் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் கைய எடுத்துடுவ. அந்தக் கையையே திருப்பித் திருப்பி பாத்தேன். கைய வெட்டிப் போடலாமான்னு இருந்துது."

கனிமொழி வாயைப் பிளந்து பார்த்தாள். தர்மராஜ் இருமினார். கனிஷ்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது.

கனகாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. மணிமுத்தாற்றுக் கரையோர ரோடு. கையை எடுத்தது தெரியாமல் பிள்ளை, "பெரிம்மா, வுட்டுடாத, வுட்டுடாத" என்று கத்திக்கொண்டே தனியாகப் போய்க்கொண்டிருந்தது. தங்கை பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்றுதான் அனுப்பினாள். அப்படித்தான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், பார் உன் பிள்ளை என்னோடு எப்படி இருக்கிறாள் என்று காட்டவும்தான் அனுப்பியிருக்கிறாள். அதைக் கயல்விழி அங்கேயே, அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து, சரியாகப் படித்திருக்கிறாள்.

"யாருக்காவது கேள்வி இருக்குதா?" கயல்விழி வழக்கம்போல் கேட்டாள்.

கனகா கையைத் தூக்கினாள். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலவே தூக்கிவிட்டாள். பிறகு கூச்சப்பட்டு இறக்கிக்கொண்டாள்.

"அந்த ராஜா மவ," என்றாள். "அவன் வளந்து அவங்க சனத்தோட போயிட்டான்ல? அதுக்கப்புறம் அவ என்னா ஆனா?"

கயல்விழி நிமிர்ந்து அக்காளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் இதை ஒருவரும் கேட்டதில்லை போலிருந்தது. "இரு அக்கா," என்று புத்தகத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். விரல் வரிகளின் மேல் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடியது. கனிஷ்கா நகர்ந்து வந்து அம்மாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து, இங்கிலீஷ் பக்கத்தில் தானும் தேடத் தொடங்கினாள். "இங்க இல்லம்மா, திருப்பு," என்றாள். கனகா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, புரளும் பக்கங்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.