பாயின் ஈரப் பாதி

எனக்கு உட்காரத் தெரியாது என்று தேற்றாத்தீவில் ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் விடிய எழும்பிக் கோயிலைக் கூட்டிப் பூ வைப்பது நான். பள்ளிக்கூடத்தில் இருந்த அகதிகளுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்சுவது நான். ஆமியிடம் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், பொழுதுபட்டால் தையல் மெசினை மிதிப்பதும் நானேதான். பாதர் றோய் என்னை, வேதாகமத்தில் ஓயாமல் வீட்டுவேலை செய்த மார்த்தாள் என்று கேலி செய்வார். அவள் தங்கச்சி மரியாள் ஆண்டவரின் காலடியில் உட்கார்ந்திருந்தாள் சரி, அன்றைக்குச் சோறு யார் ஆக்கியது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

உண்மையில் உட்கார எனக்குப் பயம். உட்கார்ந்தால் கண்ணுக்குள் தண்ணீர்தான் தெரியும். என் மனிசன் செபஸ்தியாம்பிள்ளை இரண்டு வருடத்துக்கு முன் நெல் வாங்க வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குத் தோணியில் போனவர். அன்றைக்கு வாவியின் அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் தோணி மட்டும் கரை ஒதுங்கியது. பிடித்துக்கொண்டு போனார்களா, தண்ணீரோடு போனாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை வைக்கவேண்டும் என்று வந்த சொந்தக்காரரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன். இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றிச் செபத்தை அவர் பெயரோடு யாரும் சொல்லக்கூடாது என்றேன். அவர் சுகமாய்த் திரும்பி வரவேண்டும் என்றே மாதாமாதம் பூசை கேட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னகா, மத்தியானத்தில பாய் போட்டுப் படுக்கத் தொடங்கிற்றாய் போல. யன்னலால கூப்பிட்டன், நீ எழும்பல்ல."

மத்தியானம் நான் கஞ்சிப் பானையோடு நின்றதற்கு எண்பது பேர் சாட்சி. முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லையாம். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த முதுகைத்தான் பார்த்தாளாம், போர்வை போர்த்தியிருந்ததாம். உள்ளே போனேன். காலையில் சுருட்டி மூலையில் சாத்திய பன்பாய் விரிந்து கிடந்தது. சுவர்ப் பக்கத்துப் பாதி நனைந்திருந்தது.

கூரை ஒழுகுகிறது என்று நினைத்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஓடு ஒன்றும் உடையவில்லை. மறுநாள் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். ஒரு மணிக்கு வந்து திறந்தபோது பாய் மறுபடியும் விரிந்து கிடந்தது. ஈரம் தலையணைப் பக்கம் அகலமாகவும் கீழே வரவர ஒடுங்கியும் இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. மழைத் தண்ணீர் கரிக்காது, வாவித் தண்ணீர்தான் கரிக்கும்.

யாராவது இயக்கப் பெடியன் வந்து ஒளிந்து படுக்கிறானோ என்று பயந்தேன். ஆமியின் சுற்றிவளைப்பில் அப்படி ஒருவன் என் வீட்டில் அகப்பட்டால் பிறகு என் கதியைக் கேட்கவே வேண்டாம். அடுப்படி, பரண், கிணற்றடி எல்லாம் தேடினேன். ஒருவரும் இல்லை. ஈரம் பாயில் இருந்ததே தவிர, தரையில் ஒரு கால்தடம்கூட இல்லை.

அதோடு தேடுவதை விட்டுவிட்டேன். தெரியாமலா விட்டேன்? சுவர்ப் பக்கம் யார் படுப்பது என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற மனிசன் கதவைத் தட்டி வருவான், வந்ததும் சாப்பாடு கேட்பான். பூட்டிய வீட்டுக்குள் இப்படி வருவது உயிரோடு இருக்கிற ஆள் இல்லை. அதை ஏற்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு பகலும் பாயை இழுத்துச் சுருட்டினேன், வேலியில் போட்டு உதறினேன், போதாததற்கு இன்னும் இரண்டு வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அதில் ஒன்று பாதருடைய கொப்பி. ஆத்துமாக்களின் திருநாளுக்கு முன் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் தங்கள் இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போடும். அன்றைக்குச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில் நின்று, பாதர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாய் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் இளைப்பாற்றிச் செபம் சொல்லும். மழையில் துண்டுகள் ஊறிவிடும் என்பதால் கொப்பியில் எழுதித் தரும்படி பாதர் எமிலியைத்தான் கேட்டார். மாதர் சங்கத்தில் எமிலியும் நானும் ஒன்றாய் வேலை செய்கிறவர்கள். அவளுக்கு எழுத்து வராது என்று நான் கொப்பியைப் பறித்துக்கொண்டேன். கஞ்சி கொதிக்கும்போது ஒரு பக்கம், மெசினில் நூல் அறுந்தால் ஒரு பக்கம் என்று இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை எழுதிக் கொடுத்தேன்.

ஆத்துமாக்களின் திருநாளான நவம்பர் இரண்டாம் திகதி காலை தூறலுக்குள் எல்லாரும் சேமக்காலையில் நின்றோம். பாதர் வாசித்தார், சனம் செபித்தது. நானும் செபித்துக்கொண்டே, பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்து அகதிகளுக்கு எத்தனை கொத்து அரிசி எடுக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பிலிப்பு செபஸ்தியாம்பிள்ளை."

பழக்கதோசத்தில் என் வாயும் எல்லாரோடும் சேர்ந்து பாதிச் செபத்தைச் சொல்லிவிட்டது. பிறகுதான் நாக்கு நின்றது. சனம் மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

சனத்தை இடித்துக்கொண்டு போய்க் கொப்பியைப் பறித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், நான் எழுதிய இரண்டு பெயர்களுக்கு நடுவில் அவர் பெயர் இருந்தது. என்னுடைய கையெழுத்து, என்னுடைய பேனை மை. எமிலி கோயிலுக்கு ஓடிப் பெட்டியில் இருந்த துண்டுகளை எடுத்து வந்து கொட்டிப் பார்த்தாள். அவர் பெயரில் துண்டு ஒன்றும் இல்லை. நான் எழுதவில்லை என்று சத்தம் போட்டேன். அந்தப் பெயரை வெட்டச் சொன்னேன். பாதர் தன் பேனையை என்னிடம் நீட்டினார்.

"வெட்டுறெண்டா வெட்டுங்க, மக்டலின். ஆனா நான் வாசிச்சிற்றன். சனமும் செபிச்சிற்று. அதை எப்பிடித் திருப்பி எடுக்கிற?"

பேனையை வாங்கவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தேன்.

பூட்டைத் திறந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. பாய் விரிந்து கிடந்தது. இதுவரை இல்லாதபடி அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் வாசலை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. சேற்று மணமும் வாவிக்கரைக் கண்டல் மரத்து இலை அழுகிய மணமும் அறை முழுக்க இருந்தன. ஓடிப்போய் விளிம்பைப் பிடித்துச் சுருட்டப் பார்த்தேன். பாய் வரவில்லை. நித்திரையில் கிடக்கிற ஆளின் பாரம் அதில் இருந்தது. இன்னும் பலமாய் இழுத்தேன். பாரம் கொஞ்சம் அசைந்து, மறுபடியும் சுவர்ப் பக்கம் சாய்ந்து படுத்தது.

பாயை விட்டுவிட்டேன். வந்து படுத்த மனிசனை ஒவ்வொரு பகலும் பாயோடு இழுத்து எழுப்பித் துரத்தியது நான்தான். இரண்டு வருடம் நானும் இளைப்பாறவில்லை, அவரையும் இளைப்பாற விடவில்லை. வெட்கமாக இருந்தது.

"படுங்க," என்றேன். "இனி நான் எழுப்பமாட்டன்."

அவர் பெயரைச் சொல்லி இளைப்பாற்றிச் செபத்தை முழுதாய்ச் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் கஞ்சிக்குப் பிள்ளைகள் தட்டில் தட்டுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து எமிலி படலையடியில் நின்று கூப்பிட்டாள். நான் போகவில்லை. பாயின் காய்ந்த பாதியில் படுத்தேன். முதுகுப் பக்கம் குளிர் ஏறியது. பயம் இருந்தது. பயத்தைவிடக் களைப்புப் பெரிதாக இருந்தது.

கண் விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. முந்தின நாள் எமிலி காய்ச்சிய கஞ்சி அடிப்பிடித்துப் போயிற்றாம், ஆனால் ஒருவரும் மிச்சம் வைக்கவில்லையாம். பாய் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது.

அன்று மத்தியானம் பானையை எமிலியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். பாய் மூலையில் சுருட்டியபடியே நின்றது. நானே விரித்தேன், தலையணையும் வைத்தேன், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டது, வெயில் வந்தது, பொழுது சாய்ந்தது. சுவர்ப் பக்கம் காய்ந்தே கிடந்தது. அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்து, என் மனிசன் செத்துப்போனார் என்று அன்றைக்குத்தான் நான் அழுதேன்.