பேட்டரி இறங்கிய செவ்வாய்க்கிழமை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதல் தலைமை ஆசிரியை வரை எல்லோரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேதியியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர் வேலை. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்படிப்பட்டவள், தன் வீட்டுக் கொட்டகையில் நின்ற காரின் பேட்டரி மூடியை அந்தச் செவ்வாய்க்கிழமை வரை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

கார் அப்பா விட்டுப்போனது. இருபத்துமூன்று வயது. தங்கை அதற்குப் பெரியப்பா என்று பேர் வைத்திருந்தாள். காலையில் எழுப்பினால் நாலு தரம் இருமி, தொண்டையைச் செருமி, யாரையோ திட்டுவதுபோல் உறுமிவிட்டுத்தான் பெரியப்பா நகருவார்.

மேல்மாடியில் அக்கா, கீழே தங்கையும் அவள் கணவனும். தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாலு வருஷமாகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கணவன் சரக்கு ரயிலில் கார்டு. இன்றைக்குப் போனால் மூன்றாம் நாள்தான் வீடு திரும்புவான். அதனால் கார் ஓட்டும் பொறுப்பு அக்கா தலையில் விழுந்தது. மழையோ காய்ச்சலோ, நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறவிட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உள்ளுக்குள் நிறைய இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தூறலில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்து காரைக் கொட்டகையில் விட்டு, தகரக் கதவைச் சாத்தினாள். செவ்வாய் விடியற்காலை சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இருமல்கூட இல்லை. குனிந்து பார்த்தால் முன்விளக்கு சுவிட்ச் போட்டபடியே இருந்தது. முந்தின நாள் அதை அணைத்ததாக ஒரு ஞாபகம் இருந்தது. ஆனால் சுவிட்ச் கண்ணெதிரே அப்படி இருக்கும்போது ஞாபகத்தை யார் நம்புவார்கள்?

தெருக்காரர்கள் இரண்டு பேர் தள்ளிப் பார்த்தார்கள். பேட்டரியில் சொட்டு உயிர் இல்லாததால் தள்ளியும் பிடிக்கவில்லை. கொட்டுகிற மழையில் எந்த டாக்சியும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். இன்றைய முறை போய்விட்டது, நாளை ஆறு மணிக்கு வாருங்கள், அதுவரை தண்ணீர் அதிகம் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தங்கைக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தாள். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக மாவு மாதிரி பூத்துக் கிடந்தது. கிடைத்த ஸ்பூனை எடுத்து அதைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, அத விட்டுட்டு மேல வாயேன். மழை நல்லாருக்கு. உக்காந்து ஆளுக்கு ஒரு வாய் டீ குடிப்போம்."

"உனக்கென்ன, சொல்லுவ. நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா இரு."

தங்கை சும்மா இருந்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அக்கா மத்தியானம்வரை பானெட்டை விட்டு நிமிரவில்லை.

அன்று இரவே தங்கைக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. புதன்கிழமை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் பல மாதமாகவே நைந்துபோயிருந்தது, நேற்று வந்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த 'லாம்' மட்டும் அக்காவின் காதில் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவள் பேட்டரியைக் கற்றுக்கொண்டாள். அந்தக் காருக்கான கையேட்டைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்தாள். மின்னழுத்தம் பார்க்க ஒரு மீட்டர் வாங்கினாள். பன்னிரண்டு புள்ளி ஆறு இருந்தால் வயிறு நிறைந்த பேட்டரி. பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் பட்டினி. வாரம் ஒரு தடவை சோடா மாவு கரைத்த தண்ணீரால் பழைய பல்துலக்கும் பிரஷ் கொண்டு முனைகளைத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, வாஸ்லின் தடவுவாள். ஆறு மூடியையும் திறந்து, உள்ளே தகடு மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விடுவாள்.

சுற்றுவட்டாரத்தில் பழைய கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் கடைத்தெருவரை மட்டும் ஓட்டிவிட்டு, பேட்டரி ஏறவே மாட்டேன் என்கிறதே என்று புலம்பினார். ரெண்டு நிமிஷம் ஓட்டினால் ஸ்டார்ட் பண்ணச் செலவானதுகூடத் திரும்பாது, வாரத்துக்கு ஒரு நாளாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் கோபப்படவில்லை. சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் விடியுமுன் எழுந்து காரை எடுப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை தனியாகப் போய்த் திரும்புவாள். வீட்டில் இருக்கும் நாட்களில் தங்கை கணவன் கீழே படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

எட்டாவது மாதம் அவனுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை காரின் பேட்டரியும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் நிற்கவில்லை. அதன் ஆயுசு அவ்வளவுதான். அக்கா புதிதாக ஒன்று வாங்கிவந்தாள். தூக்கி வைக்க அவன் கைகொடுக்க வந்தான்.

"மைனஸ முதல்ல கழட்டணும் தம்பி. பிளஸ்ல கைவச்சா, ஸ்பேனர் பாடியில பட்டு பொறி பறக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கழற்றினாள். அவன் பழைய பேட்டரியைச் சாயாமல் தூக்கி ஓரமாக ஒரு பலகைமேல் வைத்தான். வைத்தவன் எழுந்திருக்கவில்லை. குந்தியபடியே சொன்னான்.

"அன்னைக்கு லைட்ட நீங்க விட்டுட்டுப் போகல அக்கா. அவதான் போட்டா."

ஸ்பேனர் அவள் கையிலேயே நின்றது.

திங்கட்கிழமை சாயங்காலம், ரயில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தபோது தங்கை அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் நாலு வருஷமாகத் தனக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை. ஒரே ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றாளாம். கேட்டால் அக்கா விடமாட்டாள், அதனால் கொட்டகைக்குப் போய்ப் பெரியப்பாவைத் தூங்க வைத்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாளாம். மறுநாள் கண்டிப்பாகப் போகிறேன், அக்காவிடம் மூச்சு விடக் கூடாது, விட்டால் தோலை உரித்துவிடுவாள் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாளாம்.

"சாக நினைச்சுச் செய்யல அக்கா. காலையில தூங்கி எந்திரிச்சு, உங்களோட உக்காந்து பேசணும்னு நினைச்சா. அவ்வளவுதான். நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா போதும். பண்ணல. அவளோட சேந்து நானும் சிரிச்சேன்."

அக்கா புதுப் பேட்டரியைத் தட்டில் உட்கார வைத்தாள். பிளஸை முடுக்கி, பிறகு மைனஸை முடுக்கி, இரண்டுக்கும் வாஸ்லின் தடவி, கையைத் துணியில் துடைத்தாள்.

"எட்டு மாசம் பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றாள்.

பதிலுக்கு நிற்காமல் மாடிக்குப் போய்விட்டாள்.

விளக்கை அணைக்காத கை என்று எட்டு மாதமாகத் தன் வலது கையைப் பார்த்துக் கூசியவள் அவள். அந்தக் கூச்சம் ஒரு நொடியில் இல்லாமல் போனது. போன இடத்தில் அந்த முக்காலி வந்து உட்கார்ந்துகொண்டது. திருட்டுத்தனமாக வாங்கிய லீவு; அதில் பாதி அக்காவுக்கு என்று தங்கை கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தக் காலைப் பொழுது முழுக்க இவள் ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சும்மா இரு என்றும் சொல்லியாகிவிட்டது. இதற்கு எந்தக் கையேட்டில் போய்த் தேடுவது? தங்கைமேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் அவள் திருட்டுச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

நாலு நாள் அவள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை அவன் பெட்டிகளோடு வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, சாவியோடு இறங்கிவந்து பெட்டிகளைத் தூக்கிக் காரில் வைத்தாள். ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் இறங்கி, ஜன்னல் பக்கம் குனிந்து, போன் செய்யலாமா என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை பண்ணுங்க தம்பி. அவ அன்னைக்குச் சொன்னத மறுபடியும் சொல்லணும். ஒரு வார்த்தை விடாம."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். பெட்டிகளோடு அவன் படியேறிக் கூட்டத்தில் மறையும்வரை பார்த்திருந்தாள். பிறகு சாவியில் கை வைத்தாள். திருகவில்லை. சாவுக்கு வந்தவர்கள் முன்னால் வராத அழுகை, பத்தாம் நாளும் வராத அழுகை, ஸ்டேஷன் வாசலில் பட்டப்பகலில் வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சத்தம் போட்டே அழுதாள்.

வண்டிகளை ஒழுங்குபடுத்துகிற வயதானவர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். பின்னால் நாலைந்து கார்கள் நின்றிருந்தன.

"என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா? ஆளக் கூப்பிடட்டுமா?"

"அதெல்லாம் ஆகும்ங்க" என்றாள் அவள், முகத்தை முந்தானையால் துடைத்தபடி. "கொஞ்ச நேரம் குடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போய், நின்றிருந்த கார்களை ஒவ்வொன்றாகச் சுற்றுவழியில் திருப்பிவிட ஆரம்பித்தார்.